முதல் இரண்டு பாட்டுகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் முழுக்க நான் பாடியவை தொடக்கப் பாட்டுகள். மைசூரில் கல்யாண வரவேற்பு முகூர்த்தத்துக்கு முந்தின மாலையே நடந்துவிடும். அதில் பாட ஆர்க்கெஸ்ட்ரா வைப்பார்கள். எந்தக் குழுவாக இருந்தாலும் முதல் இரண்டு பாட்டுகளுக்கு ஒரே முறைதான். முதல் பாட்டு பிள்ளையாருக்கு. இரண்டாவது மணமக்களை வாழ்த்துவது. இரண்டையும் பெண் குரல்தான் பாட வேண்டும். மூன்றாவதிலிருந்து ஆண் குரல் சேரும். சினிமா டூயட்டுகள் வரும். பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஆடத் தொடங்குவார்கள்.

வாழ்த்துப் பாட்டுகள் எங்களிடம் மூன்று மொழிகளில் இருந்தன. காவிரித் தகராறு அடங்கியிருந்த காலம். என்றாலும் எந்தச் சத்திரத்தில் எந்த மொழியில் தொடங்குவது என்பதை எங்கள் குழுவை நடத்திய மாஸ்டர் வாசலில் நின்று, உள்ளே வருகிறவர்களின் பேச்சைக் காதில் வாங்கிய பிறகே சொல்வார். மொழி மாறினாலும் சரக்கு மாறாது. தமிழில் மணப்பெண் குத்துவிளக்கு. கன்னடத்தில் வீட்டின் வெளிச்சம். இந்தியில் அவள் பிறந்த வீட்டை விட்டு அழுதுகொண்டே போவாள், ஆனால் போகிற இடத்தில் விளக்கேற்றிவிடுவாள். எந்தப் பாட்டிலும் கல்யாணத்துக்குப் பிந்தைய மூன்றாவது மாதம் வரவில்லை. பிற்பாடு ஒரு நாளிதழில் செய்திகளைச் சுருக்கும் வேலைக்குப் போனபோது, இந்தப் பாட்டுகளை எவ்வளவு சுருக்கினாலும் ஒன்றும் குறையாது என்று தோன்றியது.

அந்த வருடம் சித்திரையில் நான் கொள்ளேகாலிலிருந்து பஸ் ஏறி மைசூருக்கு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் கணவருக்குப் பட்டு நூல் வியாபாரம். வியாபாரத்துக்காக சாமராஜநகர் போவார். அங்கே அவருக்கு இன்னொரு வீடு இருந்தது. அதில் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் இருந்தார்கள். எனக்குத் தெரிவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்திருந்தது. மாமியாரிடம் கேட்டேன். "உனக்குச் சோறு போடாம உட்டுப்போட்டானா?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் பொய் இல்லை. கணவர் சோறு போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அப்பா மைசூரில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு வீடு அண்ணனுடையது. முதல் இரண்டு வாரம் அண்ணி எனக்கு விருந்தாளிகளுக்கு வைக்கும் தட்டில் சோறு போட்டார். பிறகு வீட்டுத் தட்டு வந்தது. அதை நான் உரிமை என்று எடுத்துக்கொண்டேன். அண்ணன் அப்படி நினைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"தீபாவளி வரைக்கும் இரு. அப்புறம் பெரியவங்களை வெச்சுப் பேசி அனுப்பி வெச்சிடறேன்."

"நான் போகலைன்னு சொன்னா?"

"போகாம? ஆயுசுக்கும் இங்கயே உக்காந்திருப்பியா?"

அண்ணி குழாயை மூடினார். ஆக, தீபாவளிக்குள் எனக்கென்று ஒரு கூரை வேண்டும். அதற்கு ஒரு வேலை வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வேலை பாட்டு. ஆலைக் குடியிருப்பு முருகன் கோயிலில் கிருத்திகைதோறும் பாடிப் பழகிய குரல் அது.

அதே குடியிருப்பில் இருந்த தபலாக்காரர்தான் என்னை மாஸ்டரிடம் கூட்டிப்போனார். மாஸ்டர் கீபோர்டு வாசிப்பவர், கன்னடம் கலந்த தமிழ் பேசுகிறவர், குழுவும் அவருடையது. அக்ரஹாரம் என்கிற பகுதியில் அவருக்கு ரேடியோ, மிக்சி பழுது பார்க்கும் கடை. அதன் மாடியில் ஒத்திகை. கீழே யாருடைய மிக்சியாவது ஓடிப் பார்க்கும்போது மேலே நாங்கள் நிறுத்திக்கொள்வோம். பிள்ளையார் பாட்டின் தொடக்கத்தைப் பாடச் சொன்னார். அந்தத் தொடக்கத்துக்குத் தாளம் கிடையாது, வாத்தியம் கிடையாது. குரல் மட்டும் நிற்க வேண்டும். பாடி முடித்ததும் தபலாக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் என் கழுத்தைப் பார்த்தார்.

"யஜமானரு, உங்க வீட்டுக்காரரு, என்ன பண்றாரு?"

"கொள்ளேகால்ல நூல் வியாபாரம். நான் அங்க இல்லை. அண்ணன் வீட்ல இருக்கேன்."

கொஞ்ச நேரம் கீபோர்டின் மேல் படிந்த தூசியைத் துடைத்தார்.

"சரிம்மா, அது உங்க மனெ விஷயம், நமக்கு பேடா, வேண்டாம். ஆனா கழுத்துல இருக்கறது கழுத்துலயே இருக்கட்டும். முதல் ரெண்டு பாட்டு மங்களமான பாட்டு. சத்திரத்துல முன் வரிசை அம்மாங்க காதால கேக்கறதில்லை, கண்ணாலதான் கேப்பாங்க."

வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் பாடினேன். ஆடியில் வேலை இல்லை. ஆவணியில் அக்ரஹாரத்திலேயே ஒரு சந்தில் மாடி அறை பார்த்துக் குடிபோனேன். வீட்டுக்காரம்மாவும் என் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாவி கொடுத்தார். கணவர் ஊர் ஊராகப் போகிற வியாபாரி என்று சொன்னேன். அறைக்குள் வந்ததும் தாலியைக் கழற்றி, மேடைப் பட்டுப்புடவையும் துணி மல்லிகைச் சரமும் தொங்கும் ஆணியிலேயே மாட்டுவேன். வெளியே கிளம்பும்போது மூன்றையும் எடுப்பேன். விட்டுவிட்டு வந்த மனிதரின் தாலி எனக்கு வேலைக்கான அடையாள அட்டையாக இருந்தது. அதைக் காட்டித்தான் மற்றவர்களின் இல்வாழ்க்கையைத் தொடங்கி வைத்தேன். தீபாவளி வந்தது, போனது. அண்ணன் பெரியவர்களை வைத்துப் பேச வழியில்லாமல், "பாட்டுக்காரி" என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் கொள்ளேகாலில் ஒரு வரவேற்பு வந்தது.

"போகலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க," என்றார் மாஸ்டர்.

"வேலைதானே மாஸ்டர்," என்றேன். கொள்ளேகால் சிறிய ஊர் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு சிறியது என்பதை நான் சரியாகக் கணக்கிடவில்லை.

தமிழ்க் குடும்பம், நெல் வியாபாரிகள். பிள்ளையார் பாட்டைப் பாடி முடித்தேன். குரல் நன்றாகவே நின்றது. வாழ்த்துப் பாட்டுக்காக மாஸ்டர் கீபோர்டில் சுருதி வைத்துக்கொண்டிருந்தபோது முன் வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார். என் கணவரின் தெருக்காரர். என் கல்யாணத்துக்கு ஆரத்தித் தட்டு ஏந்தியவர். மாப்பிள்ளையின் அம்மாவைத் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

"இவ ஆருன்னு தெரியுதா உங்களுக்கு? நம்ம நூல்காரரு ஊட்டு மருமவ. புருசனை உட்டுப்போட்டுப் போனாளே, அவளேதான்."

மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மாஸ்டரிடம்தான் கேட்டார்.

"ஏனுங் மாஸ்டரு, நல்ல காரியத்துக்கு வேற ஆளே கெடைக்கலீங்களா உங்களுக்கு?"

"அம்மா, சாமி பாட்டு முடிஞ்சே போச்சு. அடுத்ததை வேணும்னா..."

"முடிஞ்சா என்னுங்க? மறுக்காப் பாடச் சொல்லுங்க. அந்தச் சின்னப் புள்ளை நிக்குதல்ல, அது பாடட்டும்."

சின்னப் பிள்ளை என்றது எங்கள் குழுவின் இரண்டாவது பாடகியை. பியூசி படித்துக்கொண்டிருந்த பெண். வேகமான பாட்டுகளை வெளுத்துக் கட்டுவாள். தாளம் இல்லாமல் பாடச் சொன்னால் அவள் குரல் கயிற்றில் நடக்கிறவளைப் போலத் தள்ளாடும். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அதற்குள் யாரோ சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து மைக்கின் மேல் தெளித்தார்கள். மைக் செட்காரர் பாய்ந்து வந்து, "அம்மா, ஷாக் அடிக்கும்! தீட்டுக் கழிக்கறதுன்னா வேற மைக் தர்றேன்," என்று கத்தினார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் நிஜமாகவே வேறு மைக் தந்தார். மாஸ்டர் அதில், "ஒலிபெருக்கிக் கோளாறு காரணமாக முதல் பாடலை மீண்டும் வழங்குகிறோம்," என்று அறிவித்தார். அந்தப் பெண் பிள்ளையாரை மறுபடி அழைத்தாள். மேடையை விட்டு இறங்குகிற படி, ஆரத்தித் தட்டு வைத்திருந்த பெண்களின் பக்கம் இருந்தது. அதனால் நான் இறங்கவில்லை. மேடையிலேயே என் நாற்காலியில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டை ரத்து செய்ய முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மதியம் கடை மாடியில் மாஸ்டர் என்னையும் அந்தப் பெண்ணையும் எதிரில் உட்காரவைத்தார்.

"இனி முதல் ரெண்டும் இவ பாடட்டும்," என்றேன், அவர் சொல்வதற்கு முன்பே.

"எனக்கு வராது சார்," என்றாள் அந்தப் பெண். "நேத்தே கேட்டீங்கல்ல. நடுவுல அழுகையே வந்துடுச்சு."

"அதான் யோசிச்சேன்," என்றார் மாஸ்டர். சுவரில் சுருட்டி வைத்திருந்த எங்கள் குழுவின் பேனரைக் காட்டினார். "இதைப் பின்னாடி கட்டறோம் இல்லையா? அதுக்குப் பின்னாடி ஒரு நாற்காலி, ஒரு மைக். அம்மா அங்க உக்காந்து பாடட்டும். நீ முன்னாடி நின்னு வாயசை. ரெண்டு பாட்டுதான். மிச்சப் பாட்டுங்களை நீயே பாடு. அவங்களுக்குப் பணத்துல பங்கு குறையாது."

மூலையில் இருந்த தபலாக்காரர் தபலாவின் வாரை இழுத்துக்கொண்டே சொன்னார்:

"நல்ல ஏற்பாடுதான். அக்கா மூலவர், இவ உற்சவர். மூலவரை யாரு வெளிய தூக்கிட்டு வர்றாங்க?"

மாஸ்டர் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்ததாகத்தான் நினைவு. அறை வாடகையை நினைத்துக்கொண்டேன். சரி என்றேன்.

அதன் பிறகு தை முடியும் வரை நான் பேனருக்குப் பின்னால் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் குழுவின் பெயர் தலைகீழாக இல்லாமல், இடவலம் மாறித் தெரியும். ஒரு பக்கம் சத்திரத்தின் ஜன்னல். பெரும்பாலும் சமையல்கட்டுக்குத் திறக்கும். நான் விளக்கேற்றும் பெண்ணைப் பாடும்போது எதிரே யாராவது பூசணிக்காய் அரிந்துகொண்டிருப்பார்கள். நான் எங்கே மூச்சு விடுகிறேன் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் முதலில் சிக்கல் வந்தது. அவள் வாயை மூடிய பிறகும் குரல் போய்க்கொண்டிருந்தது. மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சரியாயிற்று. என் குரலுக்குக் கழுத்து இல்லாததால் இப்போது தாலியும் தேவைப்படவில்லை. பருத்திப் புடவையில் போய் வந்தேன்.

பாட்டு முடிந்ததும் பெண் வீட்டார் அவளுக்கு ரவிக்கைத் துணியும் தேங்காயும் குங்குமமும் வைத்துக் கொடுப்பார்கள். முதல் தடவை அதை அப்படியே பின்னால் கொண்டுவந்து நீட்டினாள்.

"அக்கா, இது உங்களுது."

"உனக்குத்தானே குடுத்தாங்க."

"எனக்குக் கூச்சமா இருக்குக்கா."

"ரவிக்கைத் துணியை வெச்சுக்கோ. தேங்காயைக் குடு, சட்னிக்கு ஆகும்."

அவள் நல்ல பெண். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாசி பிறந்ததும் ஒரு காலையில் அண்ணன் என் அறைக்கு வந்தார். முதல் தடவை. கூடவே கணவரின் பெரியப்பா. அந்த வீட்டில் எதையும் முடிவு செய்கிறவர் அவர்தான். அறையில் ஒரே நாற்காலி. பெரியப்பா அதில் உட்கார்ந்தார். அண்ணன் ஜன்னல் விளிம்பில் சாய்ந்தார். நான் நின்றேன்.

"நல்லா இருக்கியா அம்மிணி?"

"இருக்கேங்க மாமா."

"கொள்ளேகால் கல்யாணத்துல நடந்ததைக் கேள்விப்பட்டேன். எங்களுக்கும் அவமானந்தான். ஆனா அதுக்கப்புறம் நீ மேடையேறறதில்லையாமா. உங்கண்ணன் சொன்னாப்ல. ரொம்ப நல்லதாப் போச்சு."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"பாடறதை நான் விடலை மாமா. மறைவுல உக்காந்து பாடறேன்."

"அதையுந்தான் சொன்னாப்ல. மறைவுல பாடறதுல என்ன தப்பு கண்ணு? ஆரு பாத்தா? நீ அடக்கமா இருக்கறேன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அதனாலதான் உன்னைக் கூட்டியாரலாம்னு நானே வந்தேன். இல்லீனா நாங்க வாசப்படி ஏறுவமா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாஸ்டர் என் வேலையைக் காப்பாற்றக் கட்டிய திரை, கொள்ளேகாலில் என் நடத்தைக்குச் சான்றாகப் போய்ச் சேர்ந்திருந்தது. மேடையில் தெரிந்தவரை என்னை வேண்டாதவர்கள், தெரியாமல் போனதும் தேடி வந்திருந்தார்கள்.

"சாமராஜநகர் வீடு இருக்கா?"

"அது பாட்டுக்கு அது ஒரு மூலையில கெடக்குது. உனக்கென்ன அதனால? அவன் எதையாச்சும் ஊருக்குத் தெரியிற மாதிரிப் பண்றானா?"

"நானும் பண்ணலையே. அதான் கூப்பிட வந்திருக்கீங்க."

அண்ணன் ஜன்னலை விட்டு எழுந்தார். "எகத்தாளம் பேசாத. பெரியவர் இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்காரு. இதைவிட வேற என்னதான் வேணும் உனக்கு?"

"வரமாட்டேண்ணா. அவ்வளவுதான் வேணும்."

பெரியப்பா கோபப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அவசரமில்லை அம்மிணி. இப்படியே ஒதுக்கமா இரு. பங்குனி கழிச்சு வாறேன். மனசு மாறும்." படியிறங்கும்போது அண்ணனிடம், "கொரலு வெளிய போனாலும் ஆளு உள்ளதானே இருக்குது," என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அன்று மதியமே கடைக்குப் போனேன். மாஸ்டர் ஒரு மிக்சியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், இனி நான் பின்னாடி உக்காரமாட்டேன்."

"ஏன் தாயி, என்னாச்சு? எல்லாம் சென்னாகி, நல்லாத்தானே போயிட்டிருக்கு?"

"மூணாவது பாட்டுலேர்ந்து முன்னாடி நின்னு பாடறேன். டூயட்டு, குத்துப்பாட்டு, எதுவானாலும் சரி. முதல் ரெண்டை அந்தப் பொண்ணே பாடட்டும், அவ குரல்லயே."

"அவ சுருதி நிக்காதும்மா. உனக்கே தெரியும்."

"நிக்காது."

"முதல் பாட்டுக்காரங்க பங்கு வேற, மத்தவங்க பங்கு வேற. அதுவும் தெரியும்."

"தெரியும்."

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "சும்னே தலைவலி பண்ணிக்கறே. மறுபடி யாராவது பாத்து ஊர்ல போய்ச் சொல்லுவாங்க."

"சொல்லணும் மாஸ்டர். அதுக்குத்தான்."

அவர் ஸ்க்ரூ டிரைவரை மறுபடி எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணை வரவழைத்து மூன்று நாள் பயிற்சி கொடுத்தேன். எங்கே மூச்சு எடுப்பது, எங்கே கீபோர்டின் ஓசையைப் பிடித்துக்கொள்வது என்று காட்டினேன். அவளால் முடிந்தவரை வந்தது. முடிந்தது அதிகமில்லை.

அடுத்த வரவேற்பு மைசூரிலேயே, கன்னடக் குடும்பம். பேனர் கட்டியிருந்தது, அதற்குப் பின்னால் நாற்காலி இல்லை. நான் மேடையில், கழுத்தில் ஒன்றும் இல்லாமல், ஆண் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் தொடங்கினாள். முதல் வரியிலேயே சுருதி இறங்கியது. இரண்டாவது வரியில் ஏறப் பார்த்து, வேறெங்கோ போய் நின்றது. மாஸ்டர் அவசரமாக ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். தபலாக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குக் காதுக்குள் பல் கூசுவது போல இருந்தது.

நான் கூட்டத்தைப் பார்த்தேன். முன் வரிசை அம்மாள்கள் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரின் புடவைத் தலைப்பைப் புரட்டிச் சரிகையைப் பார்த்தார். போட்டோகிராபர் விளக்கை நகர்த்தினார். மாப்பிள்ளை கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினான். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. வாழ்த்துப் பாட்டும் அப்படியே, ஓரம் ஓரமாகத் தடுக்கி விழுந்து, முடிந்தது. மணப்பெண்ணின் அம்மா தட்டோடு வந்து, எவ்வளவு நன்றாகப் பாடினாய் என்று கன்னடத்தில் சொல்லி, அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார். அவர் முகத்தில் பொய் இல்லை.

அந்த வருடம் முழுவதும் என் பிழைப்பு என் சுருதியில் நிற்கிறது என்று நினைத்திருந்தேன். பட்டுப்புடவையிலோ பேனருக்குப் பின்னாலோ, எங்கே வைத்தாலும் இந்தக் குரல் இல்லாமல் அவர்களுக்கு ஆகாது என்று. அவர்களுக்கு ஒரு கழுத்துதான் தேவையாக இருந்தது. அது கிடைத்துவிட்டது. அந்தப் பெண் நிம்மதியாக மூச்சு விட்டு, ரவிக்கைத் துணியைப் பைக்குள் வைத்தாள்.

மாஸ்டர் என்னைப் பார்க்காமல் கையசைத்தார். எழுந்து மேடையின் விளிம்புக்கு வந்தேன். விளக்கு முகத்தில் அடித்தது. முன் வரிசையில் ஒரு அம்மாள் என் கழுத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார், அவரும் பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன். டூயட்டை ஆண் குரல் தொடங்கியது. நான் சேர வேண்டிய இடம் வந்தபோது சேர்ந்துகொண்டேன்.